தொள்ளாயிரத்தில் நிறுத்தினேன்

கல்யாணமான மறு வருஷம் என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கல்யாண வீடியோ எடுப்பது அவர் தொழில். அதுவரை எடுத்த கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய், அங்கே ஒரு கடையில் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து மிக்சிங் முடித்துக்கொண்டு வருவார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேசட் வேண்டாம், சிடியாகக் கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மிக்சிங்கை நம் வீட்டிலேயே செய்துவிடலாம் என்றார். யார் செய்வது என்ற கேள்வியே எங்களுக்குள் எழவில்லை. அவர் மண்டபத்தில் நிற்பார், நான் மானிட்டர் முன்னால் உட்காருவேன். நான் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். கல்லூரியில் கம்ப்யூட்டரைத் தொட்டிருந்தேன். அந்தத் தைரியம்தான்.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் ஓட்டு வீடு, அதில் அவர்கள் தறி. எங்கள் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ். மழைக்கு ஒழுகாது, வெயிலுக்கு அடுப்பு மாதிரி. இருந்த இரண்டு அறைகளில் சின்னதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம்.

வெட்டுவது, ஒட்டுவது, மாலை மாற்றும்போது பூ தூவுவது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. கடைசி வேலைதான் உயிரை எடுத்தது. எடிட் செய்து முடித்த படம் சிடியில் ஏற வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். ரெண்டரிங் என்போம். ஒரு கல்யாணத்தைக் காலையில் ரெண்டரிங் போட்டால் நடுநிசி தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை அந்த மிஷினில் வேறு எதையும் தொட முடியாது. முகூர்த்த மாதங்களில் ஒரு கல்யாணத்துக்குப் பின்னால் ஐந்தாறு கல்யாணங்கள் வரிசையில் நின்றன. பொறுமை இழந்தவர்கள் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இவர் வெளியில் சொல்லவில்லை, ஆனால் அலமாரியில் அடுக்கிய கேசட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடும். புது மிஷின் வாங்க அப்போது வழியில்லை.

டைட்டிலுக்குத் தமிழ் எழுத்துரு தேடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போன ஒரு நாளில்தான் அந்த இணையப் பக்கத்தைப் பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, எங்கள் கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் மூளையாக இருந்த அதே ப்ராசசரைப் பற்றி எழுதியிருந்தார். அறுநூறு மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று விற்கப்பட்ட அதைத் தன் வீட்டில் தொள்ளாயிரத்தில் ஓட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஓவர்கிளாக்கிங் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் படித்தேன்.

விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் அது வெறும் பெருக்கல். ப்ராசசர் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு ஒரு தாளம் போடுகிறது. ப்ராசசர் அந்தத் தாளத்தை ஒன்பதால் பெருக்கிக்கொண்டு ஓடுகிறது. தாளம் அறுபத்தாறு சொச்சம், அதனால் அறுநூறு. தாளத்தை நூறாக்கினால் தொள்ளாயிரம். ஒன்பதை மாற்ற முடியாது, தாளத்தை மாற்றலாம். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் நீலத் திரையில் அந்த எண் இருக்கிறது. நீலத் திரையை நான் பார்த்திருக்கிறேன், தேதி மாற்றுவதற்காக. அதே திரையில் இது இருப்பது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேனே என்று இருந்தது.

இவரிடம் சொன்னதும், மிஷின் வாங்கிய கடையில் போய் விசாரித்து வந்தார். எரிந்துவிடும், வாரண்டி கிடையாது, வீட்டில் பொம்பளைங்க கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று கடைக்காரர் சிரித்தாராம். கடைசி வார்த்தையை இவர் தயங்கித்தான் சொன்னார்.

"எரிஞ்சி போச்சுன்னா இன்னா பண்றதும்மா?" என்று கேட்டார்.

"எரியாதுங்க. தாங்கலன்னா அதுவே நின்னுடும். சூடு எவ்ளோன்னு பாத்துக்கினே தான் பண்ணுவேன்" என்றேன்.

அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை நூறு என்று போட்டுச் சேமித்ததும் திரை கறுத்தது. விசிறி சுற்றுகிறது, வேறு உயிர் இல்லை. ஆனால் இதற்கு வழியும் அந்தப் பக்கத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்து, போர்டில் ஒரு சின்னத் தொப்பி மாதிரி இருக்கும் ஜம்பரைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டி, திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன். நான் மாற்றியதெல்லாம் அழிந்து, பழைய வேகத்தில் எழுந்துகொண்டது. அப்புறம் ப்ராசசருக்குப் போகும் வோல்டேஜைத் துளியூண்டு ஏற்றி மறுபடி நூறு போட்டேன். முதல் திரையில் மேலே, 900 என்று எழுதிக்கொண்டு வந்தது. நான் கையைத் தட்டியிருக்கிறேன். தறியில் இருந்த வீட்டுக்கார அம்மா இழை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார்.

ஒரு பாட்டை மட்டும் ரெண்டரிங் போட்டுப் பார்த்தேன், பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு முழுக் கல்யாணத்தைப் போட்டேன். தாலி கட்டும் இடம் வரை நன்றாகப் போய், வெயில் ஏறிய நேரத்தில் திரை நீலமாகி வெள்ளை எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. செய்ததெல்லாம் வீண். மறுபடி போட்டேன், மறுபடி நின்றது, இந்தத் தடவை வேறு இடத்தில். பழையபடி மாற்றிவிடு, மெதுவாகப் போனாலும் போய்ச் சேரட்டும் என்றார் இவர். அவர் சொன்னது நியாயம்தான். மாற்றிவிட்டேன். ஆனால் வேலை இல்லாத நேரத்தில் மட்டும் நான் இதைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

அந்த வெளிநாட்டுக்காரர் பக்கத்தின் கடைசியில் ஒரு பரிசோதனை சொல்லியிருந்தார். முதல் முறை படித்தபோது அதைத் தாண்டிப் போயிருந்தேன். பகா எண்களைத் தேடுவதற்காக யாரோ எழுதிய ஒரு நிரல். ராட்சச எண்களை எடுத்துப் பெருக்கிக்கொண்டே இருக்கும். விடை என்னவென்று நிரலுக்கு முன்பே தெரியும். ப்ராசசர் சொல்லும் விடை அதிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் பிழை என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு நின்றுவிடும். திரை நீலமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நல்லபடி ஓடுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கணக்கில் தப்பு நடந்தால் இது காட்டிக்கொடுக்கும். பகா எண்களை நான் கல்லூரியில் தேர்வுக்காக மட்டும் படித்தேன். அவை இப்படி ஒரு வேலைக்கு ஆகும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பேன்.

காலையில் சமையலுக்கு முன் அதை ஓடவிட்டால் பத்து மணி வரை சமர்த்தாக ஓடும். கூரை காய ஆரம்பித்ததும் பிழை. சாயங்காலம் போட்டால் ஓடும். இப்படி நாலைந்து நாள் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை. ப்ராசசருக்குத் தொள்ளாயிரம் தெரியும், எங்கள் அறையில்தான் அதால் முடியவில்லை. சூடுதான் எதிரி.

ப்ராசசர் மேல் அலுமினியக் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். சூட்டை வாங்கி விசிறிக்குக் கொடுப்பது அதன் வேலை. கழற்றிப் பார்த்தேன். சூடாவது ப்ராசசரின் நடுவில் கட்டை விரல் நகம் அளவு இருக்கும் ஒரு சின்ன நீலச் சதுரம், அவ்வளவுதான். அதைத் தொட வேண்டிய அலுமினியத்தின் அடிப்பக்கமோ அரம் தேய்த்த மாதிரி கோடு கோடாக இருந்தது. இரண்டும் சரியாக ஒட்டவே இல்லை. இவர் போட்டோ ஃபிரேமுக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் எமரி பேப்பரை நனைத்து விரித்து, சோப்புத் தண்ணீர் விட்டு அந்தக் கட்டியைத் தேய்த்தேன். அழுத்தினால் ஓரம் சாயும், அதனால் அதன் எடையிலேயே வட்டமாக. முரட்டுத் தாள், அதைவிட மெல்லியது, கடைசியில் கையில் தடவினால் தாள் என்றே தெரியாத அளவு மென்மையானது. இரண்டு மூன்று மத்தியானங்கள் இதற்கே போயின. விரல் நுனி கறுத்துப்போய்ச் சாதம் பிசையும்போதெல்லாம் இவர் பார்ப்பார். முடிவில் அடிப்பக்கத்தில் ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது.

ரேடியோ ரிப்பேர் கடையில் சூட்டைக் கடத்தும் ஒரு வெள்ளைப் பசை விற்பார்கள். அதை அரிசி அளவு எடுத்து, அந்த நீலச் சதுரத்தின் மேல் மெல்லிசாகத் தடவிக் கட்டியை இறக்கிக் கொக்கி மாட்டினேன். அந்தக் கொக்கியை ஸ்குரு டிரைவரால் அழுத்தும்போது கை நழுவினால் போர்டு கீறி எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். திரையில் போர்டு காட்டும் சூடு எட்டு டிகிரி இறங்கியது.

அந்த எட்டு டிகிரியைக் காட்டியபோதுதான் இவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வீட்டுக்காரரிடம் ஏணி வாங்கிக்கொண்டு கூரைமேல் நின்றிருந்தார். வாசலில் ஒரு வண்டித் தென்னங்கீற்று. ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கக் கீற்றைப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டி, மேலே தண்ணீரும் தெளித்தார். இரண்டு கோடை அந்தக் கூரையின் கீழ் நாங்கள் வெந்திருக்கிறோம், கீற்று போடுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. எனக்காகப் போடாததை மிஷினுக்குப் போடுகிறீர்கள் என்று கீழே நின்று சொன்னேன். மேலிருந்தே சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவருக்கு ஆசை வந்துவிட்டது. தாளத்தை நூற்றுப் பன்னிரண்டாக்கினால் ஆயிரத்து எட்டு வரும் என்று ஒரு பேச்சுக்கு நான் சொல்லியிருந்தேன். போட்டுப் பார் என்றார். போட்டேன். ஆச்சரியமாக, எழுந்துகொண்டது. ஒரு கல்யாணப் பாட்டையும் ரெண்டரிங் செய்து முடித்தது. அவர் உடனே கடைக்குப் போய், எங்கள் வீட்டு அறுநூறு இப்போது ஆயிரத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டும் வந்துவிட்டார். நான் பரிசோதனையைப் போட்டேன். காலை முழுக்க ஓடி, மத்தியானத்தைத் தாண்டி, இனி பயமில்லை என்று நினைத்த நேரத்தில் பிழை காட்டியது. வோல்டேஜை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சூடும் கூடவே ஏறியது.

தொள்ளாயிரத்துக்கு இறக்கப்போகிறேன் என்றேன்.

"ஆயிரம்னு சொன்னா கெத்தா இருக்குதும்மா. பாட்டெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு" என்றார்.

"வந்துச்சுங்க. நாளைக்கு ஒருத்தர் வீட்டு தாலி கட்டுற சீன்ல நின்னா இன்னா சொல்லுவீங்க? ஓடுறது வேற, தப்பில்லாம ஓடுறது வேற."

கடைக்காரரிடம் சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் கவலை. நான் தொள்ளாயிரத்தில் வைத்து ஒரு நாள் காலையில் பரிசோதனையைத் தொடங்கி மறுநாள் காலை வரை விட்டேன். அன்று கத்திரி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. ஒரு பிழையும் இல்லை. சூடு, இதைத் தாண்டக் கூடாது என்று நான் நோட்டில் வரைந்து வைத்திருந்த கோட்டுக்குக் கீழேயே நின்றது. மறுநாள் நான் நிறுத்தும்போது நிரல் தன் கணக்கைச் சொன்னது, பூஜ்யம் பிழை. என் டிகிரி சர்டிபிகேட்டைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிறையவில்லை.

அந்த வாரமே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வரதராஜப் பெருமாள் சந்நிதிக்குப் பக்கத்துத் தெரு. பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, கல்யாணமான நாலாம் நாள் இரண்டு பேரும் விமானம் ஏறுகிறார்கள். மாப்பிள்ளையின் பாட்டிக்கு அங்கே உடம்பு முடியவில்லை, கல்யாணத்துக்கு வர முடியாது. போகும்போதே சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த அம்மா கேட்ட ஸ்டூடியோக்கள் எல்லாம் பதினைந்து நாள், ஒரு மாதம் என்றிருக்கின்றன. இவர் என்ன சொல்லித் தவிர்க்கலாம் என்று யோசிப்பது தெரிந்தது. நான் முந்திக்கொண்டு, கொடுத்துவிடலாம் என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நிச்சயமா சொல்றியாம்மா? அப்பறம் ஆகலேன்னா எனக்கு வேற வழி கெடையாது."

"ஆவும்மா" என்றேன்.

அவர் போனதும் இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கருட சேவைக் கூட்டம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டிருந்த சமயம். கல்யாணம் நடந்தது. ஊஞ்சல், காசி யாத்திரை, மாலை மாற்றுதல் என்று ஒன்றையும் விடாமல் இவர் எடுத்துவந்தார். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் இறக்குவதற்கே ஒரு நாள். வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நாள், அதில் நான் சாப்பிட எழுந்தது நினைவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரெண்டரிங் போட்டேன். பழைய வேகமாக இருந்தால் நடுநிசியைத் தாண்டியிருக்கும், அதற்குள் அவர்கள் விமானத்துக்குக் கிளம்பியிருப்பார்கள்.

மத்தியானம் உச்சி வெயிலில் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டில் இருக்கவே முடியவில்லை, பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். சின்ன அறைக்குள் கூட்டிவந்து நாற்காலி போட்டேன். கொஞ்சம் தீர்த்தம் கேட்டார். கொடுத்தேன், குடித்தார். என் கண் திரையில்தான். படம் ஊர்வது மாதிரி ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பெண்ணின் முகம் சின்னதாக ஒரு மூலையில் தெரிந்து தெரிந்து மறைந்தது.

"இது நடுவுல நின்னுடாதே?" என்று கேட்டார்.

"நிக்காதும்மா. இத விட கஷ்டமான கணக்கு குடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாத்துட்டேன். இதே வெயில்ல தான்."

அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். கணக்கு வாத்தியார் போல, என்ன கணக்கு என்று கேட்டார். பகா எண்களைப் பற்றிச் சொன்னேன், விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்துச் சோதிப்பதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். நடுவில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அது தாங்குவது ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. இவர் வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தார், அவர் பார்த்தால் கரண்ட் வந்துவிடும் என்பது போல. யுபிஎஸ் இன்னும் கொஞ்சம் தாங்கட்டும் என்று நான் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் என் பாட்டுக்கு ஜெபித்தேன். கரண்ட் வந்தது. மானிட்டரைப் போட்டேன். பச்சைக் கோடு போய்க்கொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது முடிந்தது. சிடி எழுதி, எங்கள் பிளேயரில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் இடத்தில் அந்த அம்மா, பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு என்றார். நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையைப் பிடித்து, "சொன்னபடி செஞ்சுட்டியேம்மா" என்றார். இவர் ஆட்டோ வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்து, மிஷின் மேல் கையை வைத்துப் பார்த்தார், சுரம் அடிக்கிறதா என்று பார்ப்பது போல.

பேச்சு பரவியது. அந்த முகூர்த்தங்கள் முடிவதற்குள் அலமாரியில் ஒரு கேசட் பாக்கியில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரும் வந்தார். அவர் விற்ற மிஷின் ஒன்று ஒரு வக்கீல் ஆபீசில் அடிக்கடி நின்றுபோகிறது, என்னவென்று தெரியவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா அக்கா என்றார். பழைய சிரிப்பைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதில் பரிசோதனையை ஒரு நாள் ஓட்டினேன். ப்ராசசரில் குற்றமில்லை, மெமரிப் பட்டைகளில் ஒன்று கோளாறு. மாற்றினார், சரியானது. அதிலிருந்து யாருக்கு மிஷின் பூட்டினாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் அனுப்புவார். வாங்குகிறவர்களே அவரிடம், அக்கா வீட்டில் ஓடிச்சா என்று கேட்கிற அளவுக்கு வந்தது.

என் அப்பா கூரம் பக்கத்து எங்கள் ஊரில் சின்ன வயதில் மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போனவர், பிறகு கொத்தனார் ஆனார். ஒரு முறை ஊருக்குப் போனபோது ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. "பசங்களுக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி மிஷினுக்கெல்லாம் பரீட்ச வைக்குதுபா எம் பொண்ணு. அது பாஸுன்னா தான் பாஸு" என்றார். நான் அப்படியே நின்றுகொண்டேன். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு பட்டு ஜவுளிக் கடையிலிருந்து ஆள் வந்தது. புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு ஒரு பெரிய மிஷின் வாங்கியிருக்கிறார்கள், சென்னையில் பூட்டியது, புதுசு. டிசைனில் ஒரு புள்ளி தப்பினால் புடவை முழுக்க அந்தத் தப்பு வரும், அதனால் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் கடைக்கே போனேன். ஏசி அறை. முதலாளியின் மகன் தெலுங்கில் போனில் பேசிக்கொண்டே வந்து நாற்காலி காட்டினான். பரிசோதனையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பிழை. மறுபடி போட்டேன், மறுபடி பிழை. ஏசி அறையில், சாதாரண வேகத்தில்.

அவனிடம் சொன்னேன். அவன் சென்னைக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் பேச வேண்டும் என்றார். எங்கே கோர்ஸ் படித்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழிலேயே, என்ன பரிசோதனை, எத்தனை நிமிஷத்தில், என்ன பிழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நிமிஷக் கணக்கை ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டு, திருப்பி அனுப்புங்கள், வேறு தருகிறோம் என்றார்.

அடுத்த வாரம் வேறு மிஷின் வந்தது. அதையும் நான்தான் பார்த்தேன். காலையில் போட்டு, கடை சாத்தும் வரை உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் பிழை. இதை நம்பலாம் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு, காந்தி ரோடு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு நடக்க வேண்டும் போல இருந்தது.